ஒரே டிஸ்க், இரண்டு வழி

கம்ப்யூட்டர் இரண்டு டிஸ்க் காட்டியது. கண்ணால் பார்த்ததை நம்பினேன். அதைத் தவிர நான் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஸ்கேன் மையத்தில் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் என் வேலை. போன வாரம் புது டிஸ்க் பெட்டி வந்தது. எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழையதைத் துடைத்து அனுப்பிவிட்டோம். புதுப் பெட்டியிலிருந்து சர்வருக்கு இரண்டு கேபிள். ஒன்று போனாலும் மற்றது ஓடும் என்றார் பொருத்த வந்தவர். அன்றிலிருந்து இரண்டு டிஸ்க் தெரிந்தன. ஒரே அளவு, ஒரே படங்கள். மனுஷன் கேட்காமலே நகல் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை, பழைய படங்களே அடைத்துக்கொண்டு இடம் நிறைந்துவிட்டது என்று ஸ்கேன் எடுப்பவர் வந்து நின்றார். வெளியே என் அக்கா காத்திருந்தாள். போன வருஷம் அவள் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. அது வளர்ந்திருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். தம்பியிடமே இருக்கிறது என்று அவள் படத்தையும் ரிப்போர்ட்டையும் வீட்டுக்கு வாங்கிப் போயிருக்கவில்லை. அவசரத்தில் இரண்டாவது டிஸ்கில் இருந்த நகலை அழித்து இடம் பண்ணினேன்.

முதல் டிஸ்கில் அக்கா பெயர் அப்படியே இருந்தது. படம் திறக்கவில்லை. சர்வரை அணைத்துப் போட்டேன், பெயரும் காணவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொருத்தியவருக்கு போன் போட்டேன்.

"ரெண்டு ஏது சார்? இருக்கிறது ஒரே டிஸ்க். ரெண்டு கேபிள்ல வர்றதால ரெண்டா தெரியுது. சேர்த்து ஒண்ணா காட்ட சர்வர்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அதோட லிஸ்ட்ல இந்த மாடல் இல்லபோல."

"அப்புறம் ஏன் மாட்டுனீங்க?"

"எல்லாம் ஒரே ஸ்டாண்டர்டுன்னு கம்பெனிக்காரன் போட்டிருந்தான் சார். நீங்க எதையும் அழிக்கலையே?"

போனை வைத்துவிட்டேன்.

டாக்டர் அறையில் புதுப் படம் மட்டும் திரையில் இருந்தது. பழைய படமும் ரிப்போர்ட்டும் போய்விட்டன, நான்தான் அழித்தேன் என்றேன். அவர் திரையில் அந்தப் புள்ளியை அளந்து குறித்துக்கொண்டார்.

"அப்போ மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துதான் சொல்ல முடியும்."

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீதானேடா எனக்குக் காட்டுன. இதே அளவுதானே இருந்துச்சு?"

ஆயிரம் படம் பார்க்கிறவன் நான். அவளுடையதை மட்டும் பயத்தில் சரியாகப் பார்க்கவே இல்லை.

"தெரியலக்கா" என்றேன்.