வாவிக்குள் நடந்த வீடு

கண்ணகையின் கதையில் கடைசி ஒன்றரைப் பக்கத்தை அன்னப்பூரணி ரீச்சர் சிவப்பு மையால் குறுக்கே வெட்டியிருந்தார். வெட்டினது போதாதென்று, மிச்சமிருந்த இடத்தில் தன் முத்துமுத்தான கையெழுத்தில் வேறொரு முடிவையும் எழுதி வைத்திருந்தார். பட்டணத்துப் பெண்கள் பாடசாலையின் சீனியர் வகுப்பில், பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து அதைப் படித்தபோது கண்ணகைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எந்தப் புத்தகத்தையும் பார்க்கக் கூடாது, உங்கள் மனதிலிருந்து உங்கள் சொந்தத் தேவதைக் கதையை எழுதுங்கள் என்று இரண்டு கிழமையாகத் தொண்டை கிழியச் சொன்னது இதே ரீச்சர்தான். சொந்தமாக எழுது என்று சொல்வதாம், எழுதிக் கொடுத்தால் இது சொந்தமாக இருக்கிறதே என்று வெட்டுவதாம். நல்ல நியாயம்!

அவள் எழுதினது இதுதான். வாவிக்கரையில் ஒரு பெண்ணுக்கு மண்வீடு ஒன்று இருந்தது. தாய் கொடுத்த வீடு. கடல் கடந்த தேசத்து இளவரசன் பொன் தோணியில் வந்திறங்கி, இந்த வீட்டை விற்றுவிட்டு என்னோடு வா என்றான். அதைக் கேட்டு வீட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்ணை உள்ளே வைத்தபடியே அத்திவாரத்தை உதறி எழும்பி, கூரைக் கிடுகு சரசரக்க நடந்து போய், வாவிக்குள் ஆழத்தில் நின்றுகொண்டது. பெண் யன்னலால் எட்டிப் பார்த்து, இங்கே இருக்க மனமிருந்தால் நீந்தி வா, இல்லையென்றால் வந்த தோணியிலேயே திரும்பிப் போ என்றாள். இளவரசனுக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் குதித்தான்.

ரீச்சரின் முடிவில் குதிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டை விற்ற கையோடு இளவரசன் அவளைப் பொன் தோணியில் ஏற்றித் தன் அரண்மனைக்குக் கொண்டுபோனான். அங்கே அவள் நெடுங்காலம் இன்பமாக வாழ்ந்தாள். அவ்வளவுதான். வகுப்பு முடிந்ததும் கண்ணகை போய்க் கேட்டாள். ரீச்சர் பொல்லாதவர் அல்ல, சிரித்துக்கொண்டே விளக்கினார். வகுப்பிலேயே இவள் கதைதான் சிறந்தது, அதனால்தான் சனிக்கிழமை பரிசளிப்பு விழாவில் வாசிக்கத் தெரிந்தெடுத்திருக்கிறது, முடிவு மட்டும் முறைப்படி இருக்கவேணும் என்றார். கதையில் தவளை பேசலாமாம், மரம் பாடலாமாம், வீடு நடந்தால் மட்டும் அது அளவுக்கு மிஞ்சின கற்பனையாம்.

"இளவரசன் போய்ப் பொம்பிளை வீட்டில இருக்கிறதா? ஆரும் கேட்டாச் சிரிப்பினம், பிள்ளை," என்றார்.

ஏன் சிரிக்கவேணும்? இந்த ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுத்த வேட்டியோடு வந்து சேருவான். கண்ணகையின் தகப்பன் கனகசிங்கம் அப்படி வந்தவர்தானே, பதினெட்டு வருசமாகக் கல்லடியில் பெண்சாதி வீட்டுக் கூரையின் கீழ்தானே வயிறு வளர்க்கிறார்? அதைப் பார்த்து யாரும் சிரித்ததாக அவள் கேள்விப்படவில்லை. ஆனால் அரசாங்கக் கச்சேரியில் பியோன் வேலைக்குப் போன நாளிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. மகளுக்குக் கொழும்பில் ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு வீடு வேண்டாமாம், வீட்டைக் காசாக்கித் தந்தால் பெண்ணைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். வீடு நிற்கிற வாவிக்கரை வளவை வாங்க ஒரு முதலாளியும் தயாராக நிற்கிறார். காணி உறுதி தாய் சீதேவிப்பிள்ளையின் பேரில் இருக்கிறது. திங்கட்கிழமை உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் அவள் கைநாட்டு வைத்தால் சோலி முடிந்தது. சீதேவிப்பிள்ளை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகள் நல்லாயிருந்தால் சரி என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்ணகை எவ்வளவோ சண்டை பிடித்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார் தகப்பன். வாயால் சொன்னால் எடுபடாது என்றுதான் அவள் கதையாக எழுதினாள். அந்தக் கதைதான் இப்போது கழுத்தறுத்தது. திருத்தின கதையை அன்று பின்னேரம் கனகசிங்கம் வாங்கிப் படித்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். படித்தவர்கள் எழுதினால் இப்படித்தான் இருக்கும், தாயும் வந்து கேட்கட்டும், கேட்டால் புத்தி தெளியும் என்றார். கண்ணகை அடுத்த நாள் ரீச்சரிடம் போய், தான் வாசிக்கவில்லை, வேறு யாரையாவது வாசிக்கவிடுங்கள் என்று கெஞ்சினாள். நிகழ்ச்சிநிரல் அச்சாகிவிட்டது, பிடிவாதம் பிடிக்காதே என்று ரீச்சர் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். தன் வீட்டைத் தன் வாயாலேயே விற்கவேண்டி வந்துவிட்டது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தாய்மார் வெளியே முற்றத்து வேம்படிவரைக்கும் நின்றார்கள். கனகசிங்கம் கோட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார், பக்கத்தில் சீதேவிப்பிள்ளை மடியில் கை வைத்துக்கொண்டு. கண்ணகை ஏறி நின்று, ரீச்சர் எழுதினதை எழுதினபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடித்தாள். பாடசாலைத் தலைவி பெரிய மிஸ்ஸம்மா கைதட்டினார். ரீச்சர்மார் தட்டினார்கள். தாய்மார் ஒருவரும் தட்டவில்லை. ஐயோ பாவம் என்று யாரோ சொன்னது மேடைக்கே கேட்டது. பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டானாம், இதற்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பிட்டு விற்று மகளைப் படிக்கவைக்கிற ஆச்சிப்பிள்ளை எழும்பியே விட்டாள்.

"மகள், அப்ப அந்த வீட்டுல ஆரு இரிக்கிற?"

கண்ணகை தாளைப் பார்த்தாள். ரீச்சர் ஓரத்திலிருந்து, பேசாமல் இறங்கு என்று கண்ணைக் காட்டினார்.

"வித்துப்போட்டாங்க," என்றாள்.

"வித்துப்போட்டா தாய் எங்க போற?"

"தாயப் பத்தி இதுல ஒண்டும் எழுதியில்ல."

சொல்லும்போது அவள் ஆச்சிப்பிள்ளையைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தாள். சீதேவிப்பிள்ளை மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். கனகசிங்கம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். வீடு போனபின் அவர் தன் தமக்கை வீட்டில் போய் இருந்துகொள்வார், அதற்குச் சொல்லியும் வைத்திருக்கிறார். பெண்சாதி எங்கே போவாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. கேட்கவேண்டியவளும் இன்றுவரை கேட்கவில்லை.

கல்லடிப் பாலத்தில் வரும்போது, சபையில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று தகப்பன் வழிநெடுகத் திட்டினார். மகள், எழுதித் தந்ததைத்தானே வாசித்தேன் என்று திருப்பிக் கொடுத்தாள். தாய் வாவியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஞாயிறு பின்னேரம் ஒரு கூடை சாணம் கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்து, கனகசிங்கம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தபோது நொத்தாரிசிடம் போகப் பேசின திருக்கல் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. அவருடைய வேட்டியும் கோட்டும் உள்ளறைக் கொடியில் தொங்கின. சீதேவிப்பிள்ளை அதற்குள் சாணத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, உள்ளறையிலிருந்து பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, வீட்டை வாசற்படிவரைக்கும் மெழுகிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல நாள் பெருநாளுக்குக்கூட அவள் இப்படி மெழுகினதில்லை. கால் வைக்க ஒரு சாண் இடம் கிடையாது. ஈரத்துண்டோடு படிக்கட்டுக்கு வந்த புருசனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஈரம். உள்ள வராதீங்க."

எப்போது காயும் என்று அவர் கேட்டார். தெரியாது என்றாள். நொத்தாரிசு காத்திருப்பார் என்றார், முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்றார், குரல் ஏறியது, வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் கை நிற்கவில்லை. படியையும் மெழுகத் தொடங்கினாள். கனகசிங்கம் ஒரு அடி பின்னுக்குப் போய் மணலில் நின்றார். வெயில் வேலிக்கு மேலே ஏறி வாசலுக்குள் விழுந்தது. உள்ளறைப் பக்கம் மெழுகின இடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கத் தொடங்கியதைக் கண்ணகை வெளியே நின்று பின் யன்னலால் கண்டாள். காயவிடக் கூடாதென்று ஓடிப்போய்க் கிணற்றில் வாளியை இறக்கினாள்.