எட்டுப் பெட்டி கொள்ளும் வண்டி

அது அவர்கள் வாங்கப் போய்ப் பார்த்த ஒன்பதாவது வண்டியா, பதினோராவதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆர்தரைக் கேட்டால் ஆறு என்பார். அவர் மனைவி பிளோரன்ஸ் பதினான்கு என்று சாதிப்பார். இருவரும் வெவ்வேறு நாளில் சொன்னதை ஒட்டவைத்துத்தான் சொல்கிறேன், சில இடங்களில் பிசகியிருக்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பத்தாங் காலி என்ற ஊரில் திவாகரனின் பட்டறைக்கு முன்னால், சாம்பல் நிற வேகன் ஒன்றின் அடியில் ஆர்தர் மல்லாந்து படுத்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.

முப்பத்தொரு வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வண்டியை மேலிருந்து மட்டும் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. கைவிளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பையும் விரல் நகத்தால் சுரண்டினார். துருவில்லை. எழுந்து வந்து கம்பளத்தை உரித்து முகர்ந்தார். வெள்ளத்தில் கிடந்த வண்டியென்றால் எத்தனை முறை கழுவினாலும் சேற்று வாடை போகாது. இதில் பழைய துணியின் வாடைதான் இருந்தது. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்துத் துடைத்து, மறுபடி உருவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவருக்கு நிலைகொள்ளவில்லை. மறுபடி அடியில் புகுந்தார்.

"அங்கிள், வண்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான் திவாகரன். முப்பத்தைந்து வயதிருக்கும். தன் அப்பாவின் வண்டியைத்தான் விற்றுக்கொண்டிருந்தான்.

"பொண்ணு ஒரு தடவதான் பாத்தேன். அப்ப இந்த மாதிரி ஒண்ணும் செக் பண்ணல."

"பண்ணியிருந்தா கட்டியிருக்க மாட்டாரு," என்றார் பிளோரன்ஸ், நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. திவாகரன் சிரித்தான். ஆர்தர் வண்டிக்கு அடியிலேயே இருந்தார்.

வண்டி பார்க்க பிளோரன்ஸ் கூட வந்தது அன்றுதான் முதல் தடவை. சிறுநீரகம் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு நாளைக்கு நான்கு தடவை மருந்துநீரை உள்ளே விட்டு, பழையதை வடிக்க வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது வசதி. எங்கே போனாலும் அந்த நீர்ப்பைகள் கூடவே வர வேண்டும் என்பது தொல்லை. மகள் கிளாரிஸ்ஸா தெற்கே ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில், கூலாயில் இருக்கிறாள். பிள்ளை பெற்று ஐந்து மாதம் ஆகிறது. பத்து நாள் போய்த் தங்க வேண்டுமென்றால் எட்டுப் பெட்டி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ. அது போக உடுப்பு, தராசு, பைகளைத் தொங்கவிடும் கம்பி. ஆர்தரின் சின்னக் காரில் பெட்டிகளை ஏற்றினால் பிளோரன்ஸ் கால் நீட்ட இடமில்லை. வழியில் ஒரு தடவையாவது நீர் மாற்ற வேண்டும், அதற்கு விசாலமான பின்னிருக்கை வேண்டும். அதனால்தான் வேகன். பின்பக்கம் நீண்ட, நம்பிப் போகக்கூடிய பழைய வேகன். நான்கு மாதமாக ஆர்தர் தேடுகிறார்.

ஆர்தர் வெளியே வந்து, சின்னக் காரில் நெருக்கி அடுக்கிக் கொண்டுவந்திருந்த எட்டுப் பெட்டிகளையும் வேகனில் ஏற்றினார். காலிப் பெட்டிகள் இல்லை, நீர் நிறைந்தவை. சுமையில்லாத வண்டி சொல்வதை லோரிக்காரன் நம்ப மாட்டான். எட்டும் ஏறின. மேலே ஒரு பயணப் பெட்டியும் மடக்குக் கட்டிலும் வைக்க இடம் மிஞ்சியது. பின்பக்கம் இரண்டு விரல்கூடத் தாழவில்லை.

"டயர் நாலு வருஷத்துப் பழசு," என்றார் ஆர்தர்.

"மாத்திக் குடுக்கிறேன் லா."

"ஏர்கோன் சத்தம் ஒரு மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி அங்கிள்?"

ஆர்தர் குனிந்து டயரை மறுபடி அழுத்திப் பார்த்தார். கெர்லிங்கில் பார்த்த வண்டியில் இருக்கைப் பட்டையின் பூட்டு இறுக்கம் என்று வந்துவிட்டார். சுங்கை புரோங்கில் பார்த்ததை, அதன் பழைய சொந்தக்காரர் அதிகம் பேசினார் என்பதற்காக விட்டார். ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் ஒரு ஏமாற்றத்தை முகத்தில் வைத்துக்கொண்டு வருவார். அதன் அடியில் இன்னொன்று, ஆறுதல் மாதிரி, இருக்கும். அதற்குப் பெயர் வைக்க அவர் முயன்றதில்லை.

பிளோரன்ஸ் எழுந்தார். "மணி ஒண்ணேகால். எனக்குப் பை மாத்தணும்."

"வீட்டுக்குப் போயிருவோம். ஒரு மணி நேரந்தான்."

"எதுக்கு வீட்டுக்கு? வண்டி நிக்குதே." திவாகரனிடம் திரும்பினார். "தம்பி, அரை மணி நேரம் கதவ யாரும் திறக்கக் கூடாது. உள்ள உக்காந்துக்கலாமா?"

"உக்காருங்க ஆன்ட்டி," என்று அவன் பட்டறைக்குள் போய்விட்டான்.

பிளோரன்ஸ் பின்னிருக்கையில் ஏறித் துண்டை விரித்தார். ஆர்தர் கதவைச் சாத்திவிட்டு விலகப் போனார். வீட்டில் அப்படித்தான். இரண்டு வருடமாக, நாளுக்கு நான்கு தடவை, அறைக்கதவு சாத்தப்படும்போதெல்லாம் அவருக்கு வெளியே ஏதாவது வேலை இருக்கும். செடிக்குத் தண்ணீர், கடைக்கு ரொட்டி.

"நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"இந்தக் கொக்கி சட்ட மாட்டத்தான். ரெண்டு கிலோ தாங்காது. பையப் புடிக்க ஆள் வேணும்."

ஏறினார். கிருமி புகாமலிருக்கக் காற்று அசையக் கூடாது என்பதால் கண்ணாடிகளை ஏற்றி, ஏர்கோனை நிறுத்தினார்கள். இருவரும் முகமூடி போட்டுக்கொண்டார்கள். பிளோரன்ஸ் கைகளைக் கிருமிநாசினித் திரவத்தால் நிதானமாக, விரல் இடுக்குகள்வரை தேய்த்துக்கொண்டார். சட்டையை உயர்த்தினார். குழாய் ஆர்தர் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. அதன் வாயைத் திறந்து, வேறெதையும் தொடாமல், ஒரு மூச்சு நேரத்தில் பையின் குழாயோடு இணைத்தார். முதலில் பழைய நீர் தரையில் கிடந்த வெற்றுப் பைக்குள் இறங்கியது. இருபது நிமிடம். வேர்வை ஆர்தரின் காது வழியே வழிந்து கழுத்துக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கி, தூக்கலாமா என்று தெரியாமல் இறக்கிவிட்டார்.

பிறகு புதுப்பையை அவர் உயர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்தார். கனம் இரண்டு கிலோதான்.

"பயமா இருக்கா?" என்றார் பிளோரன்ஸ்.

ஆர்தர் நீர் இறங்கும் குழாயையே பார்த்தார். "ரோட்டுல நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேன்னா," என்றார்.

"வண்டியில குத்தம் இல்லல்ல?"

"இல்ல."

நீர் முழுதும் இறங்கியதும் பிளோரன்ஸ் குழாயை மூடி, வடிந்த பையை எடுத்து அவர் மடியில் வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. "இது தெளிவா இருக்கணும். கலங்கியிருந்தா உள்ள கிருமின்னு அர்த்தம், ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வீட்டுல பேப்பர் மேல வச்சுப் பாப்பேன், எழுத்து தெரியுதான்னு."

பேப்பர் இல்லை. திவாகரன் கொடுத்திருந்த வண்டியின் பதிவுத் தாள் முன்னிருக்கையில் கிடந்தது. ஆர்தர் அதை எடுத்துப் பைக்கு அடியில் செருகினார்.

"படிங்க."

மஞ்சள் நீருக்குள் எழுத்துகள் கொஞ்சம் பெருத்துத் தெரிந்தன. ஆர்தர் படித்தார். எஞ்சின் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக. அடிச்சட்ட எண்ணை. நிறம், வருடம், முதல் சொந்தக்காரர் பெயர். தாளின் கடைசி வரிவரை வந்தபிறகும் பையை நகர்த்தி, விட்டுப்போன எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். பிளோரன்ஸ் சட்டையை இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். காற்று வந்தது.

எட்டுப் பெட்டிகளையும் ஆர்தர் மறுபடி இறக்கவில்லை. அவை வேகனிலேயே கோலசிலாங்கூரில் இருக்கும் வீட்டுக்கு வந்தன. சின்னக் காரைத் திவாகரன் மறுநாள் கொண்டுவந்து விட்டான்.

மூன்று தடவை கூலாய் போய் வந்தார்கள். வழியில் பையைப் பிடித்தது ஆர்தர்தான். இரண்டாம் தடவையிலிருந்து இணைப்பதையும் அவரே செய்தார். மூன்றாவது பயணம் முடிந்து ஐந்து வாரம் கழித்து நீர் கலங்கி வந்தது. எங்கிருந்து வந்த கிருமி என்று டாக்டர் சொல்லவில்லை, ஆர்தர் கேட்கவும் இல்லை. வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது பிளோரன்ஸுக்கு வாரத்தில் மூன்று நாள், ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் இயந்திரம். நீண்ட பயணம் கிடையாது. கிளாரிஸ்ஸா விடுமுறைக்குப் பிள்ளையோடு வருகிறாள், அவன் ஓட ஆரம்பித்துவிட்டான். திவாகரன் பட்டறையை மூடிவிட்டுச் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஆர்தர் வேகனை விற்கவில்லை. நிலையத்திலிருந்து வரும்போது களைப்பில் பிளோரன்ஸ் முன்னிருக்கையிலேயே தூங்கிவிடுவார். அவரை எழுப்ப மனமில்லாமல் ஆர்தர் வீட்டைத் தாண்டி, வடக்கே வயல்வெளிப் பக்கம் போகிறார். வாய்க்கால் ஓரச் சாலையில், உழும் இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் இறங்கிக்கொண்டிருக்க, பிளோரன்ஸ் விழிக்கும்வரை வண்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.