இரவல் வாய்

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் சிரித்தாள். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மூத்தவளின் கத்தி நின்றது. வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கில் முடிகிற சிரிப்பு. இத்தனை வருஷமாக அதை வரவழைக்கத் தெரிந்தவள் வீட்டில் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். இப்போது நேற்று வந்த ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு அதை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்ததும் மூத்தவள்தான் என்பதுதான் கொடுமை. பள்ளிக்கூடத்தில் தங்கையைக் கடைசி பெஞ்சில் பொம்மை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளைவிட மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள், பேச்சும் மெதுவாகத்தான் வரும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். மூத்தவள்தான் கேள்வி கேட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவென்றே படித்தவர்களை வீட்டுக்கு வரச்சொல்லிப் பார்த்தாள். ஒருத்தி வந்ததும் வராததுமாகச் சின்னவளின் கன்னத்தைக் கிள்ளினாள். இன்னொருத்தி அவள் எதிரிலேயே "பாவம்" என்றாள். இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பினாள். அடுத்து வந்தவள் எதுவும் சொல்லாமல் தரையில் சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளையே வைத்தார்கள். கிட்டத்தட்ட மூத்தவள் வயசுதான். வீட்டில் எல்லோருக்கும் அவள் மிஸ்.

மூத்தவளுக்கு யாரும் மிஸ் வைக்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். கணக்கு வராமல் அழுதபோது, வேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா, "அழுதா கணக்கு வந்துடுமா? வந்தா சொல்லு, நானும் அழறேன்" என்றார். அவர் கொடுத்த டியூஷன் அவ்வளவுதான்.

மிஸ் புத்தகத்தையே தொடுவதில்லை. கூடையில் பட்டன், ஸ்பூன், சாவி என்று எதையெதையோ போட்டுக்கொண்டு "எது வேணும்?" என்பாள். கேட்டுவிட்டு, சின்னவள் வாயிலிருந்து ஒரு சத்தமாவது வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் மூத்தவளும் பக்கத்திலேயே இருந்தாள். தங்கையின் கண் ஓடிய திசையைப் பார்த்து, "சாவி கேக்கறா" என்றாள்.

"தப்பா நினைக்காதீங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றாள் மிஸ்.

"ஏன், நான் இருந்தா என்ன?"

"நீங்க இருந்தா அவ பேச வேண்டிய அவசியமே இல்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மூத்தவள் எழுந்து வெளியே வந்தாள். தண்ணீரா, பாத்ரூமா, மிக்ஸி சத்தம் காதைக் குடைகிறதா, எல்லாம் சின்னவளின் உதட்டுச் சுழிப்பிலேயே அவளுக்குத் தெரியும். வந்தவர்கள் பெயர் கேட்டால்கூட அவள்தான் சொல்வாள். ஊரே அதைப் பாசம் என்றது. இவள் வந்து அதைக் குறை என்கிறாள்.

கதவு திறந்தது. சின்னவள் அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காமல் மிஸ்ஸின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனாள். மிஸ் தெருமுனையில் திரும்பி மறைகிறவரை வாசல் கதவுக் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு நின்றாள்.

மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, இவங்க போதும். நிறுத்திடலாம்."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏன்டி? நல்லாத்தானே போகுது?"

"என்ன நல்லா? ஒரு எழுத்து சொல்லிக் குடுத்தாங்களா? கூடையை வெச்சு விளையாடிட்டுப் போறாங்க. நானே பாத்துக்கறேன்."

"இத்தனை நாளா நீதானே பாத்த." அம்மா ஒரு பாவாடையை உதறினாள். "ஒரு டீச்சர் வந்ததுக்கு சக்களத்தி வந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கியே!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா."

"ஆமா, எனக்கென்ன தெரியும். நீ படிச்சவ. நீ வேண்டாம்னா வேண்டாம்."

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மூத்தவள் போனை எடுத்து, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று தட்டினாள். அனுப்ப விரலை வைக்கப்போன நேரத்தில் அம்மா, விளையாட்டாகத்தான், வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏய், உன் மிஸ் இனிமே வர வேணாமாம்டி அக்காவுக்கு. உனக்குச் சரியா?"

சின்னவள் திரும்பினாள். கேள்வி கேட்டது அம்மா. அவள் பார்த்தது அக்காவை. யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் பார்ப்பாள், சொல்லுக்கா என்று.

தங்கையின் மனசில் என்ன இருக்கிறது என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. எப்போதும்போலத் தெரிந்து தொலைத்தது. ஆனால் "சரிங்கறாம்மா" என்று ஒரு வார்த்தை போதும். அம்மா நம்புவாள். கொஞ்ச நேரத்தில் சின்னவளே நம்பிவிடுவாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா, மூத்தவளிடம்.

அவள் வாயைத் திறக்கவில்லை. நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது. அனுப்பாத செய்தியோடு போன் கையிலேயே இருந்தது. சின்னவள் காத்திருந்து காத்திருந்து அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். கம்பியை இறுக்கிப் பிடித்தாள். உதடுகள் ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின. சத்தம் வரவில்லை. மூத்தவளின் உதடுகளும் அவளை அறியாமல் கூடவே ஒட்டின. கீழுதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். சின்னவளின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்து எழுந்தது. அம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையின் ஒரு கை அந்தரத்தில் தொங்கியபடி நின்றது.