கிழக்கோடைத் தண்ணீர்

துணுக்காய்ப் பக்கத்தில் பதினேழு மாடுகளை வைத்துக்கொண்டு நாகேஸ்வரி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊர்க் குளத்துக்கு மேலே பரந்த மேய்ச்சல் தரவை இருந்தது. ஆனால் போரில் சனம் இடம்பெயர்ந்து திரும்பி வருவதற்குள் முள்ளும் உண்ணிச்செடியும் அதை விழுங்கிவிட்டிருந்தன. தரவைக்குள் நுழைய வழியில்லாத மாடுகள் வயலுக்குள் நுழைந்தன; நாகேஸ்வரி ஊரெல்லாம் ஏச்சு வாங்கினாள்.

அந்தப் புதர்ப்பற்றையை வெட்டினால் மாட்டுக்குப் புல்லும் வரும், குளத்துக்குத் தண்ணீரும் கூடும் என்று ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அவள் சொன்னபோது தலைவர் மயில்வாகனத்தார் சிரித்தார். காடு நின்றால்தான் குளம் நிறையும் என்பது அவர் கட்சி. பெரிய மரம் ஒன்றிலும் கை வைக்கமாட்டேன், கண்டபடி முளைத்து ஈரத்தையெல்லாம் குடிக்கிற பற்றையை மட்டும்தான் வெட்டுவேன் என்று அவள் மன்றாடினாள். தரவையிலிருந்து குளத்துக்கு இறங்கும் ஓடைகள் இரண்டு. அதில் கிழக்கோடைப் பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். குளத்துக்குள் மண் வந்தால் மாடுகளை விற்றுவிட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். அந்த மாடுகளை விட்டால் அவளுக்கு வேறு சீவியம் இல்லை.

அவசரம் அவளுடைய பிறவிக் குணம். ஆவணியில் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்றைப் பிடித்து இறக்கினாள். அது பற்றையோடு புல்வேரையும் மேல்மண்ணையும் சேர்த்து வழித்தது. ஒரு மூலை வெறுந்தரையான பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்தைக் காட்டுக்கத்தியால் தானே வெட்டினாள்.

ஐப்பசியின் முதல் மழைக்கு அந்த மூலையிலிருந்து பால்தேநீர் நிறத்தில் சேறு கிழக்கோடை வழியே இறங்கியது. மயில்வாகனத்தார் குளக்கட்டில் நின்று பார்த்தார்.  நாகேஸ்வரி ஒளிக்கவில்லை.

"பிழை என்ரதான் அண்ணை. பெக்கோ விட்டிருக்கக் கூடாது. மாரி முடியுமட்டும் பொறுங்கோ."

"பாப்பம்" என்றுவிட்டு அவர் குளக்கட்டிலிருந்து இறங்கிப் போனார். அவள் வெட்டிப்போட்ட முள்ளை இழுத்துவந்து அந்த மூலைச் சரிவில் குறுக்கே வரிசை வரிசையாக அடுக்கினாள். கை முழுக்கக் கீறல். மழை பெய்யப் பெய்ய மண் முள்ளில் தங்கியது, தண்ணீர் மட்டும் இறங்கியது. கையால் வெட்டிய இடமெல்லாம் புல் மூடியது. அது வேரூன்றும்வரை ஒரு மாட்டைக்கூட அந்தப் பக்கம் விடாமல் வைக்கோல் போட்டுச் சமாளித்தாள்.

மழை ஓய்ந்து மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு காலையில் மயில்வாகனத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டு தரவைக்கு வந்தார். மாடுகளை விற்கச் சொல்லத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் நேரே மேற்கோடைக்குப் போனார். அது பற்றைக்குள் காய்ந்து கிடந்தது. பிறகு கிழக்கோடைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவருடைய கால்விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டு ஓடைக்கும் பெய்தது ஒரே மழைதான்.  அவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தார்.

"மேற்குப் பக்கத்தை எப்ப பிள்ளை வெட்டத் தொடங்குறாய்?"

"அந்தப் பக்கம் இதைவிடக் கனக்கப் பெரிசு. தனியக் கையால வெட்ட ரெண்டு வருசம் செல்லும் அண்ணை."

"ஆர் உன்னைத் தனிய வெட்டச் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை அமைப்பில உள்ள எல்லாரும் வருவம். எப்பிடி வெட்டுறதெண்டு நீ காட்டித் தா."

நாகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, சும்மா நின்ற மாடொன்றைப் பார்த்து ஏசத் தொடங்கினாள்.