வால் கொக்கி

ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு யாரும் எதுவும் வாங்கித் தரப்போவதில்லை என்று உறுதியான பிறகுதான் லிப்ட் மெக்கானிக் அந்த விமானத்தைத் தானே வாங்கிக்கொண்டார். போர்க்காலத்தில் கப்பலின் மேல்தளத்திலிருந்து கிளம்பிய சண்டை விமானத்தின் மாதிரி. ஒரு சாண் நீளம், உலோகம், இறக்கைகளை மடிக்கலாம். மொத்தமே ஆயிரம்தான் செய்தார்களாம். அக்காவுக்குப் படம் அனுப்பினார்.

"காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கடான்னா, பொம்மை வாங்கி வச்சிருக்கான்" என்றாள் அக்கா. அதில் தப்பில்லை என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் வால் கொக்கியைக் காணோம். கப்பலில் இறங்கும் விமானம் வாலுக்கடியில் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டு, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியைப் பிடித்துத்தான் நிற்கும். பிடி தவறினால் அந்தப் பக்கம் கடல். முப்பது வருஷமாகக் கம்பியோடும் கொக்கியோடும் மாரடிக்கிற மனுஷனுக்கு இது பொறுக்குமா? நிறுவனத்துக்குப் போன் போட்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் ஒரு அம்மாள் எடுத்தார். "கொக்கி இல்லாம எப்படி சார் இறங்கும்? நாளைக்கே அனுப்பிடறேன். சாப்பாட்டு நேரத்துல காக்க வச்சிட்டேன், சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவரிடம் ஒருத்தர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. தினமும் பத்து லிப்டில் ஏறி, உள்ளே இருக்கும் அவசரப் போனை எடுத்து, "டெஸ்ட் கால், உள்ள யாரும் இல்ல" என்று சொல்வது அவர் வேலையில் சேர்த்தி. முன்பெல்லாம் மறுமுனையில் ஆள் இருந்தார்கள். இப்போது பதிவு செய்த குரல் நன்றி சொல்கிறது.

கொக்கி வந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் சக்கரம் இல்லை என்று போன் போட்டார். அதற்கடுத்த மாதம் புரொப்பல்லர். பிறகு விமானி பொம்மை. எல்லாம் விமானத்தில் குத்துக்கல்லாட்டம் இருந்தன. வாய் கூசாமல் புளுகினார், வந்ததையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அதற்குள் அந்த அம்மாளின் இடுப்பு வலியும் தெரியும், அவர் ஆபீஸ் லிப்ட் மூன்றாவது மாடியில் உதறுவதும் தெரியும். லிப்டுக்கு மட்டும் வைத்தியம் சொன்னார்.

ஐந்தாவது மாதம், மொட்டைமாடி மெஷின் ரூமில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கூப்பிட்டார். காக்பிட் கண்ணாடி என்று ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"சார், ஒரே பீஸ்ல நாலு பார்ட் இல்லன்னு மேலிடத்துல பெரிசா எடுத்துக்கிட்டாங்க. உங்க பெட்டியில பதினாலுன்னு ஒரு சீட்டு இருந்துச்சில்ல? அது பேக் பண்ற அக்காவோட நம்பர். பதினோரு வருஷத்துல அவங்க மேல ஒரு புகார் கிடையாது. இப்ப வீட்ல உக்கார வச்சுட்டாங்க. நாளன்னிக்கு விசாரணை."

பேசாமல் போனை வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் வைத்துவிட்டு அடுத்த மாதம் எந்த முகத்தோடு கூப்பிடுவது? உண்மையைச் சொன்னாலும் கூப்பிட முடியாது. எப்படிப் பார்த்தாலும் இந்தக் குரல் இன்றோடு சரி.

"மேடம், எதுவும் காணாமப் போகல. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு சார்?"

"நீங்க பேசுவீங்கன்னு."

அந்த அம்மாள் ஆபீஸ் குரலுக்கு மாறினார். "அப்படியே எழுதி அனுப்புங்க. நாலுமே பொய்யா? கொக்கியுமா? ஒண்ணு நிஜம்னாலும் அந்த அக்கா பேர்ல ஒரு தப்பு ஏறிடும்."

கொக்கி மட்டும் நிஜம். இந்த விவகாரத்தில் அவர் யோக்கியமாகப் பேசியது அந்த முதல் போன் ஒன்றுதான். அதையாவது அந்த அம்மாள் நம்பட்டும் என்று அவருக்கு நெஞ்செல்லாம் ஆசை.

"கொக்கியும்தான்" என்றார்.

"அன்னைக்கு ஸ்டோர்ல ஏணி போட்டு ஏறித் தேடி எடுத்தேன் சார்." அதோடு, "எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, டப்பாவில் இருந்ததையெல்லாம் ஒரு உறையில் கொட்டினார். கொக்கி என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். விமானத்தைக் குப்புறக் கவிழ்த்து, இடுக்கியால் அதைக் கழற்றி உறையில் போட்டு ஒட்டினார். கொக்கி இல்லாத விமானத்தை இனிச் சக்கரத்தில் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பறக்கிற மாதிரி வைப்பதற்கென்று கூடவே வந்திருந்த தாங்கியில் ஏற்றி வைத்தார்.

மறுநாள் வேலைக்குப் போய், முதல் லிப்டில் ஏறிக் கதவை மூடி, போனை எடுத்தார்.

"டெஸ்ட் கால். உள்ள யாரும் இல்ல" என்றார். குரல் நன்றி சொன்னது.