டாக்டர் கண்ணுச்சாமியின் பங்கு

1

இந்தக் கதை எனக்குக் காய்ச்சலில் கிடைத்தது. போன மழைக்காலத்தில் போடியில் டெங்கு வந்து படுத்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்ட தொற்றுநோய் மருத்துவர் பெரிய சிரிப்புக்காரர். "கொசு ஒண்ணுதான் சார் சாதி பாக்காம எல்லார் வீட்டுலயும் கை நனைக்குது" என்பார், ஊசி குத்திக்கொண்டே. இவரை வைத்து ஒரு நகைச்சுவைக் கதை எழுத ஆசைப்பட்டேன். தன்னை அடையாளம் கண்டு கோபித்துக்கொள்வாரோ என்று நூறு வருடத்துக்கு மேல் பின்னால் தள்ளி, கண்ணுச்சாமி என்று பெயர் வைத்து, 1912இல் போடிநாயக்கனூரில் உட்காரவைத்தேன்.

தள்ளிய வேகத்தில் அவருடைய மருந்து அலமாரியையும் காலி செய்துவிட்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மேற்கு மலையில் மேகம் இறங்கி (வேண்டாம். எல்லாக் கதையிலும்தான் மேகம் இறங்குகிறது.)

டாக்டர் கண்ணுச்சாமி கருணையே வடிவான (பொய். கோபக்காரர். கோபத்தைக் கேலியாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர், அவ்வளவுதான்.)

நாக்கை நீட்டச் சொன்னார் டாக்டர். காய்ச்சல்காரி நீட்டினாள். கூட வந்த புருஷனும் நீட்டினான். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் நீட்டினார்கள்.

இது இருக்கட்டும். காய்ச்சல்காரியின் பெயர் செல்லக்கிளி, சிலமலைக்காரி. புருஷன் பேச்சிமுத்து. ஏலக்காய் எடுக்கக் குரங்கணி வழியாக மலையேறும் கூட்டத்தில் இருவரும் உண்டு. அவளுக்கு வந்திருப்பது மலேரியா. அவர்களுக்கு அது மலைக்காய்ச்சல்.

"ஒருநா விட்டு ஒருநா வருதுங்கய்யா," என்றான் பேச்சிமுத்து.

"புது மாப்ள மாமியா வீட்டுக்கு வர்ற மாதிரி வருதாக்கும். வெரட்டிருவோம்."

செல்லக்கிளி நடுக்கத்திலும் சிரித்துவிட்டாள். [சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு அவள்மேல் இவ்வளவு பிரியம் வந்திருக்காது.] ஒரு ஆளுக்கு முழுதாக வேண்டிய கொய்னா, அதாவது குயினைன், மாத்திரைகளைக் கொடுத்து, ஒன்றுவிடாமல் விழுங்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

3

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மலையேறும் கூட்டம் குரங்கணி எல்லைக் கல்லில் ஒரு வெல்லக்கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளும். அதன்பிறகு, கீழே இறங்கும்வரை, யாருக்கு எது கிடைத்தாலும் எல்லாருக்கும் பங்கு. தேன் கிடைத்தாலும் பங்கு, கஞ்சி கிடைத்தாலும் பங்கு. மறைத்துத் தின்றவரை மலைச்சாமி இறங்கவிடாது.

(இதைத் தேடிக்கொண்டு யாரும் குரங்கணிக்கு ஜீப் பிடிக்க வேண்டாம். நான் உண்டாக்கியது. இந்த மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று காட்ட ஆசைப்பட்டேன்.)

செல்லக்கிளி அடுத்த தடவை டோலியில் வந்து இறங்கினாள். கண்ணெல்லாம் மஞ்சள். மண்ணீரல் வீங்கி வயிறு கல்லாக இருந்தது.

"மாத்திர சாப்பிட்டியா ஆத்தா?"

"சாப்பிட்டேங்கய்யா."

"எல்லாத்தையுமா?"

"எம் பங்க."

டாக்டர் கூட வந்த பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். கூட்டமே துணுக்குத் துணுக்காகக் கொய்னா தின்றிருக்கிறது. ஒருவருக்கும் காய்ச்சல் தீரவில்லை.

"கசக்குற மருந்தக்கூடவா பங்கு போடுவீக?"

"இனிக்கிறத மட்டும் பங்கு போட்டா அது என்னங்கய்யா பங்கு?" என்றான் பேச்சிமுத்து.

"ஒரு ஆளு முழுசாத் தின்னாத்தான்டா இது மருந்து. பங்கு போட்டா எல்லாரும் சேந்து சாவீக."

4

அவரிடம் இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு வேண்டிய கொய்னாதான் இருந்தது. அந்தக் காலத்தில் கொய்னா விற்ற தபாலாபீசிலும் தீர்ந்துவிட்டது. போடியிலேயே தங்கச் சொன்னார். செல்லக்கிளி கேட்கவில்லை. மலையில் நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கி வந்தபோது அவள் கைப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல், மருந்தைத் தன் மடியில் கட்டிக்கொண்டு டாக்டரும் கூடவே ஏறினார்.

எல்லைக் கல்லில் அவருக்கும் ஒரு துண்டு வெல்லம் நீட்டினார்கள். "எங்கிட்ட பங்கு போட வறட்டு இருமல்தான் இருக்கு," என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

மேலே போய் அவளைத் தினமும் தன் கண் முன்னால் விழுங்கவைத்தார். விழுங்கியதும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அவள் முகம் தெளிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அடைமழை பிடித்து, ஓடை உடைத்து, பாதை போனது. டாக்டருக்குக் குளிர் எடுத்தது. அடிவாரத்திலேயே எந்தக் கொசு கடித்துவைத்ததோ. நினைவு தப்பித் தப்பி வந்தது.

மற்றக் காய்ச்சல்காரர்கள் கீழேயே தங்கிவிட்டதால், மேலே காய்ச்சலில் இருந்தது இவர்கள் இருவர்தான். மிச்சமிருந்த மாத்திரைகள் அவள் ஒருத்திக்குச் சரியாக இருக்கும். செல்லக்கிளி அவற்றை அவர் மடியிலிருந்து எடுத்து இரண்டாகப் பிரித்தாள்.

"இது ஒங்க பங்குங்கய்யா."

"எனக்கு வேணாம். நீ விழுங்கு."

"கல்லுல வெல்லம் தின்னீகளே."

"சும்மா வெளையாட்டுக்குத் தின்னேன் ஆத்தா."

"நாங்க வெளையாட்டுக்குத் திங்கலீங்களே. நீங்க திங்காம நான் திங்க மாட்டேன்."

5

முடிவுகள்.

டாக்டர் வாங்கித் தின்கிறார். பாதி மருந்தில் அவரும் அவளும் (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

தின்றதுபோல் பாசாங்கு செய்து கம்பளிக்கு அடியில் ஒளிக்கிறார். ஆனால் அவள் விடமாட்டாள். "நாக்க நீட்டுங்கய்யா" என்பாள். அவரிடம் கற்றதுதான்.

மழை விட்டு, கீழிருந்து மருந்து வருகிறது. எழுதிக் கிழித்தேன். வராத மருந்துக்குக் காத்திருந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முன்னால் இதை நீட்ட வெட்கமாக இருந்தது.

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் வெல்லத்தையே அடித்துவிட்டேன். வெல்லம் போனதும், செல்லக்கிளி போடியில் கிடந்த நாட்களில் அவள் பிள்ளைக்குத் தங்கள் பாலைப் பங்காகக் கொடுத்த பெண்களும் போய்விட்டார்கள். பிள்ளை இறந்து கிடந்தது. வெல்லத்தைத் திரும்ப எழுதிவைத்தேன்.

என் மருத்துவர் நேற்றுக் கேட்டார். "என்னைய வச்சுக் கதை எழுதுறீகளாமே. சிரிப்பு வருமா சார்?"

தொடக்கத்தில் வரும் என்றேன்.

எனக்கு இதற்குமேல் வழி தெரியவில்லை. நான் வெல்லம் உடைக்கவைத்தவன்தான், தின்னவில்லை, இறங்கிவிடலாம். நீங்கள் இவ்வளவு தூரம் அவர்களோடு ஏறி வந்துவிட்டீர்கள். கல்லடியில் டாக்டர் வறட்டு இருமல் என்றபோது நீங்களும்தான் சிரித்தீர்கள். அவள் கை நீட்டியபடியே இருக்கிறது. டாக்டர் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை அழுகிறது. யாராவது ஒருவர் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்.