நாற்பத்தொன்றாவது கணினி

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரிக்காரர்கள் என்னை விடவில்லை. ஆய்வகத்தில் நாற்பது கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ் ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் நான்கும் "டிஸ்க்கை அழிக்கட்டுமா?" என்று கேட்க, ஒவ்வொன்றுக்கும் "ஆம்" அழுத்தி அலுத்துப்போனேன். ஐந்தாவதில் அந்தக் கேள்வியையே பிடுங்கி எறிந்தேன். அதன்பின் சர்வரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளைச் செருகிச் சுவிட்சைப் போட்டால் போதும். கணினி, நான் சர்வரில் கட்டி வைத்த துவக்க அமைப்பை இழுத்துக்கொள்ளும். எந்தக் கொம்பனும் மீட்க முடியாதபடி டிஸ்க்கில் உள்ள பழையதையெல்லாம் துடைக்கும். புதியதை ஏற்றித் தனக்கொரு எண்ணும் சூட்டிக்கொள்ளும். அந்த வேகத்தைப் பார்த்து மிரண்டு ஆய்வகத்து மின்விசிறி இரண்டு நாள் எதிர்ப்பக்கம் சுற்றியது. துறைத்தலைவர் இதை நம்பி எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். போனில் கேட்ட அக்கா நம்பவில்லை.

நாற்பதும் முடிந்த மதியம் அக்கா தன் மடிக்கணினியோடு வந்தாள். அவள் மகள் இறந்து எட்டு மாதம். அந்தப் பெண் பேசி அனுப்பிய பதினேழு ஒலிப்பதிவுகள் அதில் மட்டுமே இருந்தன.

"ஒரே இடத்துல இருக்கிறது பயமா இருக்குடா. இன்னொரு காப்பி எடுத்துக் குடு."

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சிடறேன்."

"உன் பீத்தலை அப்புறம் வெச்சுக்க" என்றவள், முகம் கழுவப் போனாள்.

சர்வரில் ஒரு பிரதி வைக்கலாமென்று கேபிளைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். அந்த மடிக்கணினியை முன்பு அவளுக்கு அமைத்துக் கொடுத்தவன் நான்தான். சுவிட்சைப் போட்டதும் முதலில் கேபிளில் துவக்க அமைப்பைத் தேடு, அப்புறம் டிஸ்க்கைப் பார் என்று அதற்குச் சொல்லி வைத்தவனும் நான்தான். நான் மறந்துவிட்டேன். அது மறக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். புதியது ஏறிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கினேன். வேண்டியதையெல்லாம் அது ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக வேலையை முடித்தது.

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"எடுத்துட்டியா?"

"அழிஞ்சிருச்சுக்கா. பதினேழும்."

"ஆமா, மின்விசிறிகூட மறுபடி எதிர்ப்பக்கம் சுத்துதாக்கும்" என்று சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சத்தியமாக்கா."

"அறுபத்தெட்டு வயசாகுது, உன் புளுகு மூட்டை இன்னும் காலியாகலயே. தள்ளு."

என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். வெறும் நீலத் திரை. நடுவில் 41 என்ற எண்.

சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அவள் முகத்திலேயே நின்றது. பிறகு அவள் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து, சிக்கலைப் பொறுமையாகப் பிரித்து, காதில் மாட்டிக்கொண்டாள்.